குருசுக்குப்பத்துத் தண்ணீர்

அமாவாசைக்கு மறுநாள் காலையில் ஐந்து லிட்டர் கேனில் குருசுக்குப்பத்துக் கடல்நீரை நிரப்பிக்கொண்டு காலாப்பட்டுப் பேருந்தில் ஏறுவது மேனகாவின் ஒன்பது ஆண்டுப் பழக்கம். பெரிய மார்க்கெட்டில் ஊறுகாய்க் கடைக்காரர் ஒருவரிடம் வாங்கிய வெள்ளைக் கேன் அது. எத்தனை முறை கழுவியும் மூடியில் காடி வாசனை போகவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு சன்னலோர இருக்கையில் அமர்வாள். நடத்துநர் மாதந்தோறும் தவறாமல் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"என்னாக்கா, நீ போற ஊர்ல கடலு வத்திப்போச்சா?"

"ஆமாம்பா. நீயும் கொஞ்சம் ஊத்தி உடு."

கேள்வி நியாயமானதே. காலாப்பட்டைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த, இறால் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியில் அவள் வேலை பார்த்தாள். அங்கே அவள் வேலை செய்த பாசி அறையிலிருந்து இருநூறு அடி நடந்தால் அலை காலை நனைக்கும். அந்தக் கடலும் குருசுக்குப்பத்துக் கடலும் ஒன்றே என்பதை அறியாதவள் அல்லள் அவள். ஆனாலும் தாய்க்குழாய்களுக்கு மட்டும் குருசுக்குப்பத்துத் தண்ணீர்தான் வேண்டும் என்று வைத்திருந்தாள்.

தாய்க்குழாய்கள் என்பவை விரல் நீளக் கண்ணாடிக் குழாய்கள், மொத்தம் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் நீர்த்த தேநீரின் நிறத்தில் சிறிது நீர் இருக்கும். அந்த நிறம் டயட்டம்களுடையது. கண்ணுக்குத் தெரியாத கடல்பாசி வகை. கண்ணாடியால் தனக்குத்தானே பெட்டி செய்துகொண்டு அதற்குள் வாழும் ஒற்றைச் செல். மேனகா வளர்த்த இனத்தில் ஒவ்வொரு பெட்டியின் மூலையிலிருந்தும் மெல்லிய முள் ஒன்று நீளும். பக்கத்துப் பெட்டியின் முள்ளோடு அது பின்னிக்கொள்ளும். அப்படிப் பத்து, பதினைந்து பெட்டிகள் சேர்ந்து ஒரு சங்கிலியாக மிதக்கும். முட்டையிலிருந்து வந்த இறால் குஞ்சுக்கு மூன்றாம் நாள் வாய் திறக்கும்போது கொடுக்க வேண்டிய முதல் இரை இதுவே. குழாயிலிருந்து குடுவைக்கு, குடுவையிலிருந்து ஜாடிக்கு, ஜாடியிலிருந்து தொட்டிக்கு என்று பெருக்கிக்கொண்டே போவார்கள். ஹேச்சரியின் தொட்டிகளில் இருந்த அத்தனையும் ஒரே ஒரு சங்கிலியின் வழித்தோன்றல்கள். 1998இல், விலங்கியல் பட்டம் பெற்ற கையோடு வேலைக்குச் சேர்ந்த மேனகா, குருசுக்குப்பத்துக் கரையில் அள்ளிய நீரிலிருந்து அந்தச் சங்கிலியைப் பிரித்தெடுத்தாள். நுண்ணோக்கியின் கீழே, முடிபோல் இழுத்த கண்ணாடிக் குழலால் அதை உறிஞ்சி எடுக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஹேச்சரியில் அதை 'மேனகா செடி' என்றே அழைத்தார்கள்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. தாய்க்குழாய்களை ஒருவர் மட்டுமே தொட வேண்டும்; கை மாறினால் பாசி சாகும். எந்த நூலிலும் இல்லாத விதி இது. கடற்கரை நெடுகிலும் இருந்த ஹேச்சரிகள் எல்லாவற்றிலும் அது நடைமுறையில் இருந்தது. கைராசி என்றார்கள். முந்தைய ஆண்டு ஊரே சிக்குன்குனியாவில் முடங்கிக் கிடந்தபோது, விரல்மூட்டு மடங்காத நிலையிலும் மேனகா பேருந்து பிடித்து வந்து குழாய்களுக்குத் தண்ணீர் மாற்றினாள். வேறு யாரும் தொட முன்வரவில்லை. அவளும் விட்டிருக்கமாட்டாள். படித்தவள் என்ற முறையில் கைராசியை அவள் வெளியே ஒப்புக்கொண்டதில்லை. உள்ளே வேறொன்று இருந்தது. அந்தச் செல்கள் தன் கையை அறியும் என்று அவள் நம்பினாள்.

அப்படி அறிய வேறு யாரும் இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம். பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்த தந்தை ஆலை மூடிய மறுவருடம் போனார். சுனாமிக்கு அடுத்த கோடையில் தாயும் போனாள். அண்ணன் கமலக்கண்ணன் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் பெண் எடுத்துப் பாரிசுக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் இருந்தான். குருசுக்குப்பத்தில் ஒரு மாடியறையில் மேனகா தனியாக இருந்தாள். அறையின் வடக்குச் சன்னலில் பதின்மூன்றாவது குழாய் ஒன்று நின்றது. ஹேச்சரியில் ஏதேனும் நேர்ந்தால் உதவும் என்று வைத்த மாற்றுக்குழாய். ஞாயிறு தோறும் அண்ணன் தொலைபேசியில் அழைப்பான்.

"செடி எப்படி இருக்குது?"

"நல்லாருக்குண்ணே."

"பேசாம அதுக்கே கழுத்த நீட்டிடு. ஒன்பது வருசமா ஒரே வூட்ல இருக்கீங்க."

அவன் சிரிப்பான், அவளும் சிரிப்பாள். பிறகு கடவுச்சீட்டு எடுக்கச் சொல்வான். எடுக்கிறேன் என்பாள்.

2007ஆம் ஆண்டு மாசி அமாவாசைக்குப் பதினோராம் நாள், தொட்டி கழுவும் அன்னக்கிளி பாசி அறையின் கதவருகே வந்து நின்றாள். காலாப்பட்டு மீனவக் குப்பத்தைச் சேர்ந்தவள். உரக்கப் பேசியே பழகியவள். அன்று குரல் அடங்கியிருந்தது.

"அக்கா, நாலாம் தொட்டி தெளிஞ்சி கெடக்குது."

"தெளிஞ்சின்னா?"

"அடித்தர தெரியுதுக்கா. நேத்து தொலஞ்ச என் கை வளையலு தெரியுது, தேடிக்கிட்டிருந்தனே, அது."

மேனகா ஓடிப்போய்ப் பார்த்தாள். முந்தைய நாள் பழுப்பாக இருந்த நீர் குடிநீர்போல் இருந்தது. மாலைக்குள் மற்றத் தொட்டிகளும் ஜாடிகளும் வெளுத்தன. மறுநாள் குடுவைகள். அதற்கு மறுநாள் தாய்க்குழாய்கள் பன்னிரண்டும். நுண்ணோக்கியில் பார்த்தாள். பெட்டிகள் உடையவில்லை. முட்கள் பின்னியபடியே இருந்தன. உள்ளே பொன்பழுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. தின்றுவிட்டுப் போகும் நுண்ணுயிர் ஏதும் அருகில் தென்படவில்லை. குடியிருந்தவர்கள் எல்லோரும் ஒரே நாளில் வெளியேறிவிட்ட தெருவைப் பார்ப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

இரை இல்லாமல் மூன்று தொட்டி இறால் குஞ்சுகள் செத்தன. ஹேச்சரி உரிமையாளர் ராஜாங்கம் சென்னையிலிருந்து மேலாளரைத் தொலைபேசியில் அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். மேலாளர் தேவதாஸ் அதை மேனகாவிடம் அப்படியே சொன்னார். ஐம்பது வயதைக் கடந்தவர். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவர். எதையும் கூட்டியோ குறைத்தோ சொல்லத் தெரியாதவர்.

"மேனகா கை எப்பிடி இருக்குதுன்னு கேட்டாரும்மா."

"கைக்கு என்னா சார்?"

"ராசி போயிருக்கும்ங்கறாரு. எனக்கும் அப்பிடித்தான் தோணுது. குளோரின் சரியாத்தான் இருக்குது, வெளிச்சம் சரியாத்தான் இருக்குது. வேற என்னா சொல்ல?"

"சார், நீங்களுமா? கோயில்ல சாமியாரு கேட்டா என்னா சொல்வாரு?"

"அவரு இறால் வளக்கல." தேவதாஸ் சிரிக்கவில்லை. "பயப்படாத. உன்ன யாரும் போவச் சொல்லல. ஒரு பூசையப் போட்டுட்டு, அடுத்த அமாவாசைலேருந்து அன்னக்கிளி குழாயத் தொடட்டும். ரெட்டப்புள்ள பெத்தவ. நீ பக்கத்துல இருந்து சொல்லிக்குடு. உன் வூட்ல ஒரு குழாய் இருக்குதில்ல, அதக் கொண்டாந்து அவ கையில குடு."

கெட்ட குடுவைகளை உடனே பிளீச்சிங் தூள் போட்டுக் கொட்டிவிட வேண்டும் என்பது அங்கே கண்டிப்பான விதி. மேனகா அன்று அவற்றில் ஒன்றைக் கொட்டவில்லை. தெளிந்த நீரில் கால் லிட்டரைச் சிறிய குடுவையில் ஊற்றிப் பைக்குள் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போனாள். கை காரணம் என்றால் கையைத் தவிர வேறு எதுவும் அந்தத் தண்ணீரில் இருக்கக்கூடாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மட்டுமே அப்போது அவளுடைய எண்ணம்.

மறுநாள் மிஷன் வீதியிலிருந்த இணைய மையத்தில் இரண்டு மணிநேரம் அமர்ந்தாள். பக்கத்து அறையில் யாரோ ஒருவர் வெளிநாட்டு மகனோடு உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். டயட்டத்தின் பெயரையும் மரணம் என்ற சொல்லையும் சேர்த்துத் தட்டியபோது ஜப்பானியர் சிலரின் ஆய்வுச் சுருக்கம் ஒன்று வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெளியானது. அவள் வளர்க்கும் பேரினத்தைச் சேர்ந்த டயட்டம் ஒன்றை வைரஸ் தாக்கிக் கொல்வதை அவர்கள் கண்டிருந்தார்கள். அது செல்லுக்குள் நுழைந்து, தன்னையே பல்லாயிரமாகப் பெருக்கிக்கொண்டு, செல்லைக் கொன்று வெளியேறும். சில நாட்களில் வளர்ப்பு முழுவதும் தெளிந்துவிடும். கண்ணாடிப் பெட்டிக்குள் பாதுகாப்பாக இருப்பதாகக் கருதப்பட்ட உயிரைக் கொல்லும் வைரஸ் ஒன்று இருக்கிறது என்பதே உலகத்துக்குப் புதிய செய்தி என்று அந்தப் பக்கத்தின் தொனி சொன்னது. அவள் அதை அச்செடுத்து மடித்து வைத்துக்கொண்டாள்.

சோதிக்கும் வழி எளிது. செத்த வளர்ப்பின் நீரை, பாக்டீரியாவும் புக முடியாத நுண்வடிகட்டியில் செலுத்த வேண்டும். வடிந்த நீரில் இரண்டு சொட்டை நலமான வளர்ப்பில் விட வேண்டும். அது செத்தால், வடிகட்டியைத் தாண்டி வந்த ஏதோ ஒன்று கொல்கிறது. அதே நீரைக் கொதிக்க வைத்து இன்னொரு வளர்ப்பில் விட வேண்டும். அது பிழைத்தால், கொன்றது வெறும் இரசாயனமாக இருக்க வாய்ப்புக் குறைவு. எளிய வழிக்குத் தடை ஒன்றுதான். உலகத்தில் எஞ்சியிருந்த நலமான வளர்ப்பு, அவளுடைய சன்னலில் நின்ற பதின்மூன்றாவது குழாய் மட்டுமே.

அந்த மாதம் அதற்கு அவள் இன்னும் தண்ணீர் மாற்றியிருக்கவில்லை. வீட்டுக் குழாய்க்கு எப்போதும் கடைசியில்தான் மாற்றுவாள். அதற்காக நிறுத்தி வைத்த அரைக் கேன் தண்ணீர் கட்டிலுக்கடியில் இருந்தது. குழாயைப் பெருக்கி, ஒரு பகுதியைப் பத்திரமாக வைத்துவிட்டு, மறுபகுதியைச் சோதனைக்குக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தாள். கேனை வெளியே இழுத்தாள். மூடியில் கை வைத்தாள். திறக்கவில்லை.

ஏன் தயங்கினாள் என்பதை அவளால் உடனே சொல்லிக்கொள்ள முடியவில்லை. தாய்க்குழாய்களுக்குக் குக்கரில் வேகவைத்த தண்ணீரையே ஊற்ற வேண்டும் என்பது ஹேச்சரியின் விதி. வேகவைத்தால் தண்ணீர் மந்தமாகிவிடும், பிறந்த கடலின் சுவை போய்விடும் என்று அவள்தான் அதை மாற்றினாள். கேனிலிருந்து எடுத்த தண்ணீரை நுண்வடிகட்டியில் மட்டும் செலுத்தி அப்படியே ஊற்றினாள். வடிகட்டியைத் தாண்டி உயிருள்ள எதுவும் வராது என்று ஒன்பது ஆண்டுகளாக நம்பினாள். அச்செடுத்த தாளில் வைரஸின் அளவு எழுதப்பட்டிருந்தது. வடிகட்டியின் துளையைவிடப் பல மடங்கு சிறியது.

கேனைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, ஹேச்சரித் தண்ணீரைக் கொண்டுவந்து தன்னுடைய சிறிய குக்கரில் வேகவைத்தாள். அதில் வளர்த்தாள். மந்தமாகும் என்று எதிர்பார்த்தாள். ஆகவில்லை. நான்காம் நாள் ஐந்து குழாய்கள் பழுப்பு நிறத்தில் நின்றன. குருசுக்குப்பத்துத் தண்ணீரில் வளர்ந்ததைவிட ஒரு படி கூடுதலாகவே.

அந்த நிறத்தைப் பார்த்தபோது மகிழ்ச்சி வரவில்லை.

ஒரு குழாயைத் தொடாமல் தனியே வைத்தாள். இரண்டாவதில் செத்த வளர்ப்பின் வடிநீரை விட்டாள். மூன்றாவதில் அதையே கொதிக்க வைத்து ஆற்றி விட்டாள். நான்காவதில் கேனில் இருந்த தண்ணீரை, வழக்கம்போல் வடிகட்டி விட்டாள். ஐந்தாவது வெறும் வேகவைத்த நீரைப் பெற்றது. ஒவ்வொரு குழாயின் கழுத்திலும் துணிக் கிழிசலில் எண் எழுதிக் கட்டினாள். எல்லாவற்றையும் அதே கையால் செய்தாள்.

இரண்டாவது குழாய் நான்காம் நாள் தெளிந்தது. நான்காவது குழாய் ஏழாம் நாள் தெளிந்தது. மற்ற மூன்றும் பழுப்பாகவே நின்றன. உறுதிக்காக இரண்டாவதன் நீரை மீண்டும் வடிகட்டி, ஐந்தாவதிலிருந்து பிரித்த சிறிது வளர்ப்பில் விட்டாள். அதுவும் செத்தது. ஆக, கொல்வது பெருகிக்கொண்டே போகிறது. நீர்க்க நீர்க்கக் குறையவில்லை. அது உயிரைப் போன்ற ஏதோ ஒன்று. அது கேனில் இருந்தது; தாய்க்குழாய்களிலிருந்து இறங்கி, வேகமாகப் பெருகும் தொட்டிகளை முதலில் காலி செய்தது. கேனை நிரப்பியவள் அவள்.

அன்று மாலை அவள் கடற்கரைக்குப் போய்க் கல்சுவரின்மேல் அமர்ந்தாள். தான் பயந்தது எதை என்று இப்போது தெரிந்தது. குற்றம் தன்மீது வரும் என்பதை அல்ல. அதைத் தாங்கிக்கொள்ளலாம். அதே கைதான் கொன்றது, அதே கைதான் காத்தது. அந்தச் செல்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. சுத்தமான தண்ணீர் ஊற்றுகிற எந்தக் கைக்கும் அவை வளர்ந்திருக்கும். பிறந்த கடல் என்று அவள் தேடிப்போய்ச் சுமந்து வந்த நீரை அவை அடையாளம் கண்டுகொண்டதே இல்லை. இரண்டு கட்டுமரங்களுக்கு நடுவில் சிறுவர்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பந்து அவள் காலில் வந்து நின்றது. எடுத்து எறிந்தாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பங்குனி அமாவாசைக்கு முதல்நாள் தேவதாஸின் அறைக்குப் போனாள். குழாய்களை மேசையில் வரிசையாக வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அச்சிட்ட தாளைக் கையில் வாங்கி, ஆங்கிலத்தை உதடசைத்துப் படித்தார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார்.

"இத வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"சொல்லாத." அவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். "இங்க பாரும்மா. ராசி போறது குத்தம் கெடையாது. மழ பொய்க்கற மாதிரி. யாரு யாரக் கேக்கறது? ஒரு தேங்கா ஒடச்சா முடிஞ்சிது. ஆனா நீ இப்ப சொல்றது, கேனு, தண்ணி, வடிகட்டினது... இது நீ செஞ்சதா ஆவுது."

"செஞ்சதுதான் சார்."

"வெளித்தண்ணி உள்ள வரக்கூடாதுன்னு வாசல்ல போர்டே வச்சிருக்குது. மொதலாளி வச்சது. நீ கேனோட வரத நானும் ஒன்பது வருசமா பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். காடி வாசன வேற." மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "அவருக்கு இது புரிஞ்சா ஒரு நாளும் உன்ன வச்சிருக்க மாட்டாரு. புரியலன்னா நல்லது. புரிஞ்சிடும்னுதான் பயமா இருக்குது."

அவர் தந்த வழி பெரியது. அதில் அவளுக்கு வேலை இருந்தது, அறை இருந்தது, குழாய்களின் பக்கத்தில் நிற்கும் இடம் இருந்தது. கை கெட்டவள் என்ற பெயரைச் சுமந்தால் போதும். கதவுக்கு வெளியே அன்னக்கிளி யாரையோ அதட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. மேனகா எழுந்து கதவைத் திறந்தாள்.

"அன்னக்கிளி, நாளன்னைக்கி நீ குழாய எடுக்கறியாமே. தண்ணிக்கு என்னா பண்ணப் போற?"

"என்னாக்கா இப்பிடி கேக்கற? நீ எப்பிடி பண்ணியோ அப்பிடித்தான். என் வூட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன், குருசுக்குப்பத்துல ஒரு கேனு புடிச்சாந்துடுவாரு. உன் கேனையே குடுத்துடுக்கா, ராசியான கேனு." பிறகு தன் சொல்லைத் தானே கேட்டவள்போல் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "கோச்சிக்காதக்கா. உன் கைக்கு ஒண்ணும் இல்ல. யாரு கண்ணு பட்டுதோ. ஆனா எனக்கு ராத்திரியெல்லாம் பயந்தான். என் கையில செத்துப்போச்சுன்னா, ரெட்டப்புள்ளயோட ராசியும் போச்சுன்னு எங்க மாமியாளே பேசும்."

மேனகா திரும்பித் தேவதாஸைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், பதிவேட்டக் குடுங்க."

பாசி அறையின் பதிவேட்டில் மாசி மாதப் பக்கம் 'கெட்டது' என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றிருந்தது. அதன் கீழே அவள் தெளிவான எழுத்தில் எழுதினாள்: காரணம், வைரஸ். வந்த வழி, தாய்க்குழாய்களுக்கு வேகவைக்காமல் ஊற்றிய வெளித்தண்ணீர். ஊற்றியவர் மேனகா. இனி எல்லாத் தண்ணீரும் குக்கரில் வேகவைத்த பின்பே. கேன் உள்ளே வரக்கூடாது. யார் கை தொட்டாலும் தவறில்லை.

கடைசி வரியை ஒரு முறை படித்துப் பார்த்தாள். பிறகு கையெழுத்திட்டாள்.

ராஜாங்கத்துக்குப் புரிந்தது. மாதக் கடைசிவரை இருந்து எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுப் போகச் சொன்னார். தேவதாஸ் தம்மால் முடிந்ததைப் பேசிப் பார்த்ததாகவும், தாமும் நன்றாகத் திட்டு வாங்கிக்கொண்டதாகவும் சொன்னார். மேனகா அதை நம்பினாள்.

அமாவாசைக்கு மறுநாள் கேன் இல்லாமல் பேருந்தில் ஏறினாள். நடத்துநர் அவள் மடியைப் பார்த்தார்.

"என்னாக்கா, கடலு நெரம்பிடுச்சா?"

"நெரம்பிடுச்சிப்பா."

ஒன்பது ஆண்டுகளில் பதில் மாறியதை அவர் கவனித்திருக்க வேண்டும். பயணச்சீட்டைக் கொடுத்துவிட்டு ஒரு கணம் நின்றார். பிறகு பின்பக்கம் நகர்ந்தார்.

பாசி அறையில் அன்னக்கிளி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, நெற்றியில் திருநீற்றோடு நின்றாள். மேனகா நீட்டிய குழாயை வாங்கும் முன் கைகளைப் புடவையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டாள்.

"அக்கா, இது என்ன ஏத்துக்குமா?"

"அதுக்கு யாரையும் தெரியாது அன்னக்கிளி. தண்ணிய வேக வை. குழாய் வாய நெருப்புல காட்டு. அவ்வளவுதான்."

"உன்ன மட்டுமாவது தெரியும்க்கா."

மேனகா நெருப்பைச் சிறிதாக்கினாள்.

பத்து நாட்களில் அன்னக்கிளியின் குடுவைகள் பழுப்பேறின. ஹேச்சரியில் எல்லோரும் இரட்டைப்பிள்ளை பெற்ற கையைப் பற்றியே பேசினார்கள். பதிவேட்டின் அந்தப் பக்கத்தைத் தேவதாஸைத் தவிர வேறு யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஆனால் அன்னக்கிளி ஒவ்வொரு முறையும் குக்கரின் விசிலை விரல்விட்டு எண்ணினாள். மேனகாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

மாதம் முடிய மூன்று நாட்கள் இருக்கும்போது, வீட்டில் அறையைக் கூட்டிக்கொண்டிருந்த மேனகா அலமாரியின்மேல் மறந்துபோயிருந்த குடுவையைப் பார்த்தாள். விதியை மீறிக் கொட்டாமல் எடுத்து வந்த கால் லிட்டர். வடிகட்ட எடுத்ததுபோக மீதி. நான்கு வாரமாகச் செத்துத் தெளிந்து நின்ற நீர். அதன் அடியில் புகைபோல் ஒரு பழுப்பு படிந்திருந்தது. தூசு என்று நினைத்துக் குலுக்கினாள். நிறம் எழுந்து குடுவை முழுவதும் பரவியது.

அவற்றைக் கொன்ற வைரஸ் அதே நீரில்தான் இன்னும் இருந்தது. அதன் நடுவிலேயே எவையோ சில சாகாமல் எஞ்சியிருந்தன. அவள் தண்ணீர் மாற்றவில்லை, வெளிச்சம் பார்த்து நகர்த்தவில்லை, ஒரு முறையேனும் நினைக்கக்கூட இல்லை. ஒன்பது ஆண்டுகளில் கெட்ட குடுவையை ஒரு நாள்கூடக் கொட்டாமல் வைத்ததில்லை. ஆகவே, முன்பும் இப்படி எவையேனும் பிழைத்திருக்குமா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

அந்த நீரை ஹேச்சரிக்குள் கொண்டுபோகக்கூடாது என்பதை அவளே எழுதியிருந்தாள். மருந்துக் கடையில் அயோடின் வாங்கி, ஒரு சொட்டு நீரை அதில் கொன்று, கண்ணாடித் தகட்டில் வைத்து, மேலே மெல்லிய கண்ணாடியால் மூடி, விளிம்பை நகப்பூச்சால் அடைத்தாள். தகட்டின் வெளிப்புறத்தையும் பிளீச்சிங் நீரில் கழுவித் துடைத்தாள். கடைசி நாள் அதைப் பையில் வைத்து எடுத்துப் போனாள். சாவிகளை ஒப்படைத்த பிறகு, அன்னக்கிளியிடம் கேட்டு நுண்ணோக்கியின் முன் அமர்ந்தாள்.

அயோடினில் நிறம் மாறிய பெட்டிகள் தெரிந்தன. நிறைவாக இருந்தன. முட்களும் இருந்தன. ஆனால் சங்கிலி எங்கும் இல்லை. ஒவ்வொரு பெட்டியும் தன் நான்கு முட்களையும் நீட்டிக்கொண்டு, அடுத்ததைத் தொடாமல் தனியே கிடந்தது. தகட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நகர்த்திப் பார்த்தாள். இரண்டு சேர்ந்த ஒன்றைக்கூடக் காணவில்லை. நெருங்கியிருந்தவை ஒன்றிடமிருந்து ஒன்று நோயை வாங்கிக்கொண்டு செத்தன; எட்டி நின்றவை பிழைத்தன என்று எழுதிவிடலாம். ஒரு குடுவையை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. எழுத அவளிடம் பதிவேடும் இல்லை.

"நான் பாக்கட்டாக்கா?"

அன்னக்கிளி ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். சில நாட்களுக்குள்ளேயே அவளுக்குக் கண் பழகியிருந்தது. வெகுநேரம் பார்த்தாள்.

"யாரு செடிக்கா இது?"

"நம்மளுதுதான்."

"போக்கா. நம்மளுது கை கோத்துக்கிட்டு இல்ல இருக்கும். இது என்னாமோ ஒண்ணொண்ணும் தனியா, பேச்சு வார்த்த இல்லாம நிக்குது. எந்த ஊருக் கடலுக்கா?"

வெளியே தொட்டிகளுக்குக் காற்றடிக்கும் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. மேனகா தகட்டைக் கழற்றி எடுத்துக் கைக்குட்டையில் சுற்றினாள்.

"குருசுக்குப்பம்" என்றாள்.

"அப்பிடியா?" என்று கேட்டுவிட்டு அன்னக்கிளி தலையைத் திருப்பிக் காது கொடுத்தாள். உள்ளே குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. அவள் விரலை மடக்கிக்கொண்டே அடுப்பை நோக்கி ஓடினாள். மேனகா விளக்கை அணைத்து, நுண்ணோக்கிக்கு உறையைப் போட்டு, ஓரங்களைச் சமமாக இழுத்துவிட்டு வெளியே வந்தாள்.